கயிறு எவ்வளவு தாங்கும்னு கேக்குறோம், அது எதுல கட்டியிருக்குன்னு கேக்குறதில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பாறை ஏறுற பிள்ளைங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, இதப் பத்தி தமிழ்ல யாராவது எழுதுறதே அபூர்வம். ஆனா அதுல இருந்த போட்டோவப் பாத்ததுல இருந்து எனக்கு மனசு ஆறல. ஒரு பொண்ணு பாறையில தொங்கிக்கிட்டு சிரிக்கிறா, ஹெல்மெட் இருக்கு, இடுப்புலயும் தொடையிலயும் மாட்டுற ஹார்னஸ் பட்டை இருக்கு, கயிறு பளிச்சுன்னு புதுசா இருக்கு, கீழ "இரண்டு டன் எடையைத் தாங்கும் கயிறு"ன்னு ஒரு வரி வேற. எல்லாம் சரிதான். ஆனா படத்தோட மேல் ஓரத்துல, பாதி வெட்டுப்பட்டு, அந்தக் கயிறு போய்ச் சேர்ற இடம் கொஞ்சம் தெரியுது. பாறையில ரெண்டு போல்ட், ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு நாடா வளையத்த முக்கோணமா கோத்து விட்டிருக்காங்க, அந்த முக்கோணத்தோட கீழ் முனையில கயிறு தொங்குது. அந்த முக்கோணத்தப் பத்திதான் இந்தக் கடிதம்.

நான் ரொம்ப வருஷமா கயிறு மீட்புப் பயிற்சி, அதாவது சிக்கிக்கிட்டவங்களக் கயிறு கட்டி மீட்குறதுக்கான பயிற்சி, குடுத்துட்டு இருக்கேன். புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி ஒண்ணுதான், "இந்தக் கயிறு எவ்வளவு தாங்கும் சார்?" அது எதுல கட்டியிருக்குன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கயிறப் பத்திக் கவலையே வேணாம்னு சொல்ல வரல, ஆனா அத ஃபேக்டரியில செஞ்சு, மெஷின்ல சோதிச்சு, முத்திரை குத்திதான் அனுப்புறாங்க. 1932ல இருந்து இருக்கிற யு.ஐ.ஏ.ஏ.ங்கிற உலக மலையேற்றக் கூட்டமைப்பு, ஏறுறதுக்கான டைனமிக் கயிறு, அதாவது இழுத்தா நீண்டு குடுக்குற கயிறு, சோதனையோட மொத விழுதல்ல 12 கிலோநியூட்டனுக்கு மேல இழுப்பக் குடுக்கக் கூடாதுன்னு வரம்பு வச்சிருக்கு. ஒரு கிலோநியூட்டன்னா சுமாரா 100 கிலோ தொங்குற பாரம்னு வச்சுக்கலாம். காராபினர்ல, அதாவது கயிறையும் நாடாவையும் மாட்டுற, வாய் திறந்து மூடுற உலோகக் கொக்கியில பாருங்க, நீளவாக்குல 20 கிலோநியூட்டனுக்கு மேல, அதோட வாய் திறந்திருந்தா வெறும் 7, 8தான்னு அதோட முதுகுலயே எழுதியிருக்கும். ஆனா ஆங்கர் இருக்கே, அதாவது கயிறு கடைசியா போய்ப் பிடிக்கிற அந்த இடம், அத மட்டும் எந்த ஃபேக்டரியும் செஞ்சு தர்றதில்ல. களைச்சுப் போயி, வெளிச்சம் இறங்குற நேரத்துல, காத்துல, நம்ம கண்ணால பாத்து நம்ம கையால அங்கேயே கட்டுறது அது. அதுக்கு மேல எந்த முத்திரையும் கிடையாது.

முக்கோணத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, கோணம்னா என்னன்னு நான் வகுப்புல காட்டுற ஒண்ணச் சொல்றேன், இத யாரும் வீட்டுலயே செஞ்சு பாக்கலாம். ஒரு வாளியில 10 லிட்டர் தண்ணி, வாளிப் பிடியில ஒரு கயிறக் கோத்து ரெண்டு முனையையும் ரெண்டு பேர் கையில குடுங்க. ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி நின்னா ஆளுக்கு 5 கிலோ, ஒண்ணும் பெருசா தெரியாது. இப்ப மெதுவா விலகி நடக்கச் சொல்லுங்க. ரெண்டு கயிறுக்கும் நடுவுல 60 டிகிரி இருக்கும்போது ஆளுக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, 90 டிகிரியில 7 கிலோ, இதுவரைக்கும் பேசிக்கிட்டே பிடிச்சிருப்பாங்க. 120 டிகிரி வந்ததும் ஆளுக்கு முழுசா 10 கிலோ ஆயிடும், அதாவது ரெண்டு பேர் பிடிச்சும் ஒருத்தர் பிடிச்ச பாரமே ஆளுக்கு ஆளு. 150ல 19 கிலோ. 170ல 57 கிலோ, அங்க வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தர் விட்டுருவாங்க, தண்ணி கால்ல கொட்டும். வாளியோட எடை ஒரு கிராம் கூட ஏறல, கோணம்தான் ஏறுச்சு. இத ஒரு தடவ கையில உணர்ந்தவங்க அப்புறம் ஆங்கர் கட்டும்போது அதோட ரெண்டு காலும், அதாவது ரெண்டு பக்க நாடாவும், விரிஞ்சு நின்னா தானாவே கை நின்னுடும், 60 டிகிரிக்குள்ள வச்சுக்கோன்னு நான் திரும்பச் சொல்ல வேண்டியதே வர்றதில்ல.

இப்ப அந்தப் போட்டோ. ரெண்டு போல்ட்டுலயும் தனித்தனியா ஸ்லிங், அதாவது நாடா வளையம், இறங்கி கீழ ஒண்ணா சேர்ந்தா அது வி மாதிரி நிக்கும், 60 டிகிரியில ஒவ்வொரு போல்ட்டுக்கும் பாரத்துல சுமார் 58 சதவீதம் போகும். அதே இடத்துல ஒரே வளையத்த ரெண்டு போல்ட்டுலயும் நுழைச்சு முக்கோணமா விட்டா, மேல் பக்கத்து நாடாவும் சேர்ந்து போல்ட்ட ஒண்ண நோக்கி ஒண்ணு உள்பக்கமா இழுக்குது. அதே 60 டிகிரியில ஒவ்வொரு போல்ட்டுக்கும் 100 சதவீதம். 90 டிகிரியில 131. ரெண்டு போல்ட் போட்டு ஒரு போல்ட்டுக்கு உள்ள பலன் கூட கிடைக்கல, இதுல நாடா எங்கயாவது ஒரு இடத்துல அறுந்தா மொத்த வளையமும் உருவிக்கிட்டு வந்துடும், மிச்சம்னு ஒண்ணும் பிடிக்காது. ஏறுறவங்க நடுவுல இதுக்கு மரண முக்கோணம்னே பேரு. புது போல்ட், நல்ல பாறையா இருந்தா பல நாள் இது தாங்கும், அதான் பிரச்சனையே, தாங்குறதால சரின்னு நெனச்சுக்கிறாங்க, பாக்குறவங்களும் அதே மாதிரி கட்டுறாங்க, இப்ப அது உங்க பேப்பர்ல கலர்ல வந்திருக்கு.

இன்னொண்ணு, கயிற மேல ஆங்கர் வழியா போட்டு, கீழ நிக்கிறவர் அதப் பிடிச்சுக் காக்குற (அதுக்குப் பேர்தான் பிலே) டாப் ரோப் முறையில ஏறுறவர் 60 கிலோன்னா ஆங்கருக்கும் 60 கிலோதான் வரும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. கயிறு மேல போயி வளைஞ்சு கீழ வந்து இன்னொருத்தர் கையில முடியுது இல்லையா, ஏறுறவர் தொங்கும்போது இந்தப் பக்கமும் ஒரு ஆள் இழுக்குறார், ரெண்டும் சேர்ந்துதான் மேல இருக்கிற ஆங்கர்ல இறங்குது. காராபினர்ல உரசுறதால சரியா ரெண்டு மடங்கு வராது, ஆனா ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும். மீட்பு வேலையில கயிறத் திருப்பி விட புல்லி மாட்டும்போதும் இதே கதைதான், கயிறு முழுசா திரும்பி வந்தா அந்தப் புல்லி தொங்குற ஆங்கருக்குப் பாரம் ரெட்டிப்பு, மெயின் ஆங்கர இரும்பு மாதிரி கட்டிட்டு புல்லிய ஒரு சின்ன ஸ்லிங்ல தொங்க விட்டிருக்கிறத நானே பாத்திருக்கேன்.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். கத்துக்கிற காலத்துல பாறை உச்சியில ஆங்கர் கட்டச் சொன்னாங்க, விளிம்புல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மரம், தொடை தடிமன், இலையெல்லாம் பச்சையா இருந்துச்சு, நெஞ்சு உயரத்துல ஸ்லிங் சுத்தி காராபினர் மாட்டி ஸ்க்ரூ பூட்டி, ரெடின்னு கை காட்டினேன். எங்களுக்குச் சொல்லிக் குடுத்த அண்ணன் வந்தாரு, என் முடிச்சப் பாக்கவே இல்ல. "தம்பி, மரத்த ரெண்டு கையால தள்ளு, ஆனா மரத்தப் பாக்காத, தரையப் பாரு"ன்னாரு. தள்ளினேன். மரத்தோட அடியில, எனக்கு எதிர்ப் பக்கம் இல்ல, என் கால் பக்கமே, காஞ்ச சருகு லேசா மேல எழும்புச்சு, அதுக்குக் கீழ மண்ணுல ஒரு கோடு, விரல் நகம் நுழையுற அளவுக்குத் திறந்து, நான் கைய எடுத்ததும் மூடிக்கிச்சு. சருக விலக்கிப் பாத்தா ஒரு சாண் மண்ணு கூட இல்ல, கீழ பலகை மாதிரி பாறை, அது மேல வேரு தட்டு மாதிரி படர்ந்து கிடக்குது, எதையும் பிடிச்சுக்கல. மரம் உயிரோட இருந்துச்சு, ஆனா அந்த இடத்துல அது நின்னுக்கிட்டு மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் நான் நெஞ்சு உயரத்துல கட்டினது அதுக்கு நெம்புகோல் வச்சுக் குடுத்த மாதிரி. அண்ணன் ஒண்ணும் திட்டல, ஸ்லிங்கக் கழட்டி என் கையில குடுத்துட்டு வேற இடம் பாருன்னு போயிட்டாரு. அன்னைல இருந்து எந்த மரத்துல கட்டினாலும் உயிரோட இருக்கா, தடிமன் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் மண்டி போட்டு வேரப் பாப்பேன், கட்டுறதையும் அடிமரத்துல, தரைய ஒட்டிதான் கட்டுவேன்.

பாறைக்கும் அதே மாதிரிதான். உள்ளங்கையால தட்டினா திடமான பாறை சத்தமே தராது, கைதான் வலிக்கும், உள்ள பிளந்து நிக்கிற பாறை பானையத் தட்டின மாதிரி சத்தம் குடுக்கும். விரிசல்ல வைக்கிற, விரிஞ்சு பிடிச்சுக்குற கேம்ங்கிற கருவி இருக்கே, 1970கள்ல ரே ஜார்டின்னு ஒரு அமெரிக்க ஏறுநர் கொண்டு வந்தது, அது விரிசலோட ரெண்டு பக்கத்தையும் வெளிய தள்ளித்தான் பிடிச்சுக்குது, நாம கீழ இழுக்குறதவிட அந்தத் தள்ளல் அதிகம். ஒரு பக்கம் மெல்லிசா பிளந்து நிக்கிற பாறைத் தகடா இருந்தா கேமே கடப்பாரை மாதிரி அதப் பேத்துடும். மணற்பாறையா இருந்தா மழை பேஞ்ச மறுநாள் அதுல ஏறவே கூடாது, வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரத்துல பலம் போயிருக்கும். கடலோரப் பாறையில போல்ட் இன்னும் மோசம், வெளிய பளபளன்னு இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு உப்பு ஏறி உள்ளுக்குள்ள மயிரிழையா வெடிச்சிருக்கும், தாய்லாந்துல ரைலே மாதிரி இடங்கள்ல இதனாலதான் டைட்டானியம் போல்ட்டா மாத்திக்கிட்டு வந்தாங்க.

ஸ்லிங்குக்கு வர்றேன், ஏன்னா அந்தப் போட்டோவுல கயிறு நேரா நாடா மேலயே ஓடுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம், படம் சின்னதா இருக்கிறதால உறுதியா சொல்ல முடியல. அப்படி மட்டும் இருந்தா அந்த முக்கோணத்த விட அவசரமான விஷயம் இதுதான். நைலான் கயிறு நைலான் நாடா மேல ஓடுச்சுன்னா ஓடுற கயிறுல சூடு ஒரு இடத்துல தங்காது, நாடாவுல மட்டும் அதே இடத்துல உரசி உரசிச் சூடு ஏறும். நைலான் உருகுறதுக்கு 200 டிகிரிக்கு மேல வேணும், டைனீமான்னு வெள்ளையா மெல்லிசா ஒரு நாடா வருதே, அது 150 டிகிரிக்குள்ளயே உருகிடும். ஒரு பயிற்சியில மேல போயி சாமானெல்லாம் எடுத்துட்டு வரும்போது ஒரு ஸ்லிங்குல விரல் வழுக்குச்சு, தொட்டுப் பாத்தா ஒரு அரை இஞ்ச் நீளத்துக்கு நாடாவோட நெசவே காணோம், கண்ணாடி மாதிரி வழவழன்னு, மடக்கினா மடங்காம பிளாஸ்டிக் மாதிரி நிக்குது. விசாரிச்சா, ஒரு பையன் காராபினர் பத்தலன்னு கயிற நேரா நாடாவுல கோத்து ரெண்டு பேர இறக்கியிருக்கான். மூணாவது ஆள் வரிசையில நின்னுட்டு இருந்தாரு. அந்த ஸ்லிங்க வெட்டி இன்னிக்கும் பையில வச்சிருக்கேன், வகுப்புல எல்லார் கையிலயும் குடுத்துத் தடவிப் பாக்கச் சொல்வேன்.

டைனீமாவப் பத்தி இன்னொரு விஷயம், அது இழுபடாது. டைனமிக் கயிறு நீண்டு குடுத்து அதிர்ச்சிய வாங்கிக்கும், டைனீமா ஸ்லிங் குடுக்காது. ஆங்கருக்கு மேல ஏறி நின்னு, ஸ்லிங்கத் தொய்வா விட்டுட்டு சாமான் எடுக்கும்போது கால் வழுக்கினா அது ரெண்டு மீட்டர் விழுதல்தான், ஆனா உடம்புக்கும் ஆங்கருக்கும் வர்ற இழுப்பு பயங்கரம், அதுல முடிச்சு வேற போட்டிருந்தா ஸ்லிங்கே அறுந்து போன சோதனையெல்லாம் இருக்கு. ஆங்கர்ல மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க ஸ்லிங் எப்பவும் இறுக்கமா இருக்கிற மாதிரி கீழ நிக்கணும், அவ்வளவுதான்.

எதுவா இருந்தாலும் ஒரே ஒரு பொருள நம்பி உயிர் தொங்கக் கூடாதுங்கிறது எல்லாருக்கும் வாயில வரும், கையில வர்றதுதான் கஷ்டம். டாட் ஸ்கின்னர்னு அமெரிக்காவுல பெரிய ஏறுநர், எத்தனையோ கஷ்டமான சுவர மொத ஆளா ஏறினவரு, 2006 அக்டோபர்ல யோசெமிட்டி லீனிங் டவர்ல கயிறுல இறங்கும்போது ஹார்னஸோட பிலே லூப், அதாவது முன்பக்கம் காராபினர் மாட்டுற நாடா வளையம், அறுந்து இறந்துட்டாரு. அது தேஞ்சிருக்குன்னு கூட ஏறினவர் முன்னாடியே பாத்துச் சொல்லியிருந்தாரு, ஸ்கின்னரும் புது ஹார்னஸுக்கு ஆர்டர் போட்டிருந்தாரு. 2013ல பிரான்ஸ்ல 12 வயசுப் பையன் ஒருத்தன் விழுந்து இறந்தான், ரெண்டு காராபினர ஒரு குட்டி நாடாவால இணைச்சிருக்கிற குயிக்டிராவோட நாடா காராபினருக்குள்ள போகாம, நாடாவ அசையாம வைக்கிற சின்ன ரப்பர் மட்டும்தான் காராபினர்ல மாட்டியிருந்துச்சு. கையில எடுத்துப் பாத்தா ஒழுங்கா மாட்டின மாதிரியேதான் தெரியும். இத எழுதும்போது எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு, யாராவது ஒருத்தர் அத அன்னிக்கு ஒரு தடவ விரலால திருப்பிப் பாத்திருந்தா போதும்.

அதனாலதான் ஆங்கர்ல ரெண்டு மூணு புள்ளியச் சேக்குறோம். ஆனா சேக்குறதுலயும் விஷயம் இருக்கு. ஒவ்வொரு புள்ளியில இருந்தும் வர்ற நாடாக் கால எல்லாம் சேத்து ஒரே முடிச்சா போட்டா, ஒரு பக்கம் பிடுங்கிட்டு வந்தாலும் மத்தது அப்படியே நிக்கும், நல்லது, ஆனா பாரம் இழுக்குற திசை கொஞ்சம் மாறினாலும் ஒரே கால்தான் மொத்தத்தையும் சுமக்கும். திசைக்கு ஏத்த மாதிரி நகர்ற விதமா ஸ்லிங்க ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினா பாரம் சமமா பிரியும், ஆனா ஒரு பக்கம் போச்சுன்னா காராபினர் வழுக்கிக்கிட்டுப் போயி மிச்சம் இருக்கிறது மேல வெடுக்குன்னு விழும். ரெண்டு பக்கமும் நடுவுல ஒரு முடிச்சு போட்டு அந்த வழுக்கலக் குறைக்கலாம். எது நல்லதுன்னா, பாரம் எந்தப் பக்கம் இழுக்கப் போகுதுன்னு மொதல்ல அங்க நின்னு கையால காட்டச் சொல்லுங்க, காட்டத் தெரியாதவர் இன்னும் கட்ட ஆரம்பிக்கக் கூடாது. முறுக்க மறந்துட்டா ஒரு பக்கம் போனதுமே காராபினரே வெளிய வந்துடும், அதையும் சொல்லிடுறேன்.

மீட்புன்னு வந்தா இதெல்லாம் இன்னும் கனமாகுது. அடிபட்டவர், கூட ஒரு மீட்பாளர், சாமான்னு கணக்குப் போட்டா 200 கிலோ, அதாவது 2 கிலோநியூட்டன். அதுக்குப் பல குழுக்கள் 10 மடங்கு, 20 கிலோநியூட்டன் தாங்குற மாதிரி கட்டணும்னு வச்சிருக்காங்க. ஏன் இவ்வளவுன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. எட்டு வடிவ முடிச்சு ஒண்ணு போட்டாலே கயிறோட பலத்துல சுமார் கால் பங்கு போகும், பாறை விளிம்புல மடங்குறது கொஞ்சம் திங்கும், ஸ்ட்ரெச்சர் விளிம்புல சிக்கி விடுபடும்போது ஒரு குலுக்கல், கோணம் கொஞ்சம், கடைசியில கையில மிஞ்சுறது 10 மடங்கு இல்லவே இல்ல.

நல்ல அடிமரம் கிடைச்சா எனக்குப் பிடிச்ச கட்டு, கயிற மரத்துல மூணு நாலு சுத்து சுத்தி முனைய சும்மா மாட்டி விடுறது. சுத்துறதுலயே உரசல் எல்லாப் பாரத்தையும் எடுத்துக்கும், கடைசியில இருக்கிற முடிச்சுக்கு வேலையே வராது, கயிறோட பலம் ஏறக்குறைய முழுசா கிடைக்கும், மரம் மட்டும் கயிறு தடிமனப் போல குறைஞ்சது 8, 10 மடங்கு இருக்கணும். நாடான்னா மூணு சுத்து சுத்தி ரெண்டு சுத்த வெளிய இழுத்து காராபினர் மாட்டுவோம், அதுல முடிச்சு பாரம் இழுக்குற பக்கமா, மரத்த ஒட்டி உக்காரணும். பின்னாடி மறைவா வச்சா பத்திரம்னுதான் எல்லாருக்கும் தோணும், ஆனா முன்னாடி இருக்கும்போதுதான் ரெண்டு பக்க உரசலுக்கு நடுவுல மாட்டி முடிச்சு மேல பாரமே வராது, கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதால அவிழுதான்னும் பாத்துக்கலாம். நாடா முடிச்சு தானா நகரும்ங்க, வால் 8 சென்டிமீட்டராவது விடணும், காலையில பாத்தத மத்தியானம் திரும்பப் பாக்கணும்.

எல்லாம் கட்டி முடிச்சதும் நாங்க ஒரு கேள்வி கேட்டுக்குவோம், இப்ப ஒரு விசில் ஊதி, எல்லாரும் பிடிச்சிருக்கிறத அப்படியே விட்டா, கீழ இருக்கிறவர் விழுவாரா? விழுவார்னா இன்னும் கட்டி முடிக்கல. அடுத்தது, இந்தக் கயிறு போனா, இந்தக் காராபினர் போனா, இந்த மரம் போனான்னு ஒவ்வொண்ணா விரல் வச்சுக் காட்டிக் கேப்போம். கட்டினவர் இதக் கேக்கக் கூடாது, கட்டாத ஒருத்தர்தான் கேக்கணும், ஏன்னா கட்டினவர் கண்ணுக்குத் தான் கட்டினது எப்பவும் நல்லாத்தான் தெரியும், அன்னிக்கு அந்த மரம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்குறேன். இனிமே பாறை ஏறுறது, கயிறு மீட்பு எதப் பத்திப் போட்டாலும் போட்டோகிராஃபர மேல அனுப்பி கயிறு கட்டியிருக்கிற இடத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க, கட்டினவர விட்டே எதுல கட்டினோம், ஏன் கட்டினோம்னு ரெண்டு வரி சொல்லச் சொல்லிப் போடுங்க. பிள்ளைய அனுப்புற அப்பா அம்மாவும் கயிறு புதுசான்னு கேக்குறதோட நிறுத்தாம, மேல எப்படிக் கட்டியிருக்கீங்க, ஒண்ணு போனா அடுத்தது என்ன பிடிக்கும்னு கேளுங்க, நல்ல பயிற்சியாளர் இதக் கேட்டா சந்தோஷப்படுவாரு, உக்கார வச்சு வரைஞ்சே காட்டுவாரு.

ரெண்டாவது கொஞ்சம் அவசரம். அந்தப் பக்கத்துல வந்த குழுவோட தொடர்பு உங்க நிருபர்கிட்ட இருக்கும். இந்தக் கடிதத்த நீங்க அச்சுல போட்டாலும் சரி, இடம் இல்லன்னு விட்டாலும் சரி, அடுத்த தடவ அந்தப் பிள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடணும். போல்ட் ரெண்டும் அப்படியே இருக்கட்டும், அந்த ஒரே வளையத்தக் கழட்டிட்டு ஒவ்வொரு போல்ட்டுலயும் தனி ஸ்லிங், கீழ ரெண்டும் சேர்ற இடத்துல பூட்டுற காராபினர் ரெண்டு, வாய் எதிரெதிரா, கயிறு அந்தக் காராபினர்ல மட்டும் ஓடணும். தெரிஞ்சவங்க கைக்கு அஞ்சு நிமிஷ வேலை.

இப்படிக்கு,
கயிறு மீட்புப் பயிற்சியாளர் ஒருவர்